கடற்கரையை நாடிக் கப்பலில் போவோர் போட வேண்டிய கணக்கு

வருடம் முழுவதும் கடையே கதியென்று கிடக்கும் வியாபாரி, ஒரு வாரமாவது குடும்பத்துடன் வெளியே போய்வர வேண்டும் என்று நினைப்பது இயற்கை. முன்பெல்லாம் அந்த ஓய்வு நுவரெலியாவோடு முடிந்துவிடும். இப்போது சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்களைப் பற்றிப் பயண முகவர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். கனடாவிலும் இங்கிலாந்திலும் பிள்ளைகளையோ சகோதரர்களையோ வைத்திருப்போருக்கு, மியாமி வரை வந்து சேர்ந்தால் கரிபியன் தீவுகளை எல்லோருமாகக் கப்பலில் சுற்றி வரலாம் என்ற அழைப்பும் வருகிறது.

விளம்பரப் படத்தில் தெரிவது வெண்மணலும் நீலக் கடலும்தான். ஆனால் ஒரு வாரப் பயணம் போய் வந்த குடும்பம் மணலில் கால் வைத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பத்து மணித்தியாலத்தைத் தாண்டாமல் இருப்பதும் உண்டு. கப்பலின் அழகைப் பார்த்துப் பணம் கட்டியதும், அது எங்கே எப்போது எவ்வளவு நேரம் நிற்கும் என்ற அட்டவணையைக் கவனமாக வாசிக்காததுமே இதற்குக் காரணம். சரக்குக் கொள்முதலில் பெட்டியின் அலங்காரத்தைப் பார்த்து விலை பேசும் வியாபாரி எவருமில்லை. உள்ளே எத்தனை கிலோ, தரம் என்ன, கழிவு போக மிச்சம் எவ்வளவு என்றுதான் பார்ப்பார். கப்பல் பயணத்தையும் அப்படியே பார்க்க வேண்டும்.

நிற்கும் நேரமும் நிஜமான நேரமும்

கப்பல் கம்பனியின் அட்டவணையில் ஒரு துறைமுகத்துக்கு நேரே 'காலை 8.00 - மாலை 5.00' என்று போட்டிருக்கும். ஒன்பது மணித்தியாலம் கிடைக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். கணக்கைச் சற்று விரித்துப் பாருங்கள்.

எட்டு மணிக்குக் கப்பல் கட்டப்பட்டாலும், துறைமுக அதிகாரிகளின் அனுமதி கிடைத்த பின்னரே பயணிகளை இறங்க விடுவார்கள். நெரிசலில் நீங்கள் வெளியே வர 8.45 ஆகும். வாடகை வாகனத்தில் அரை மணித்தியாலம் என்றால் கடற்கரையைத் தொடும்போது 9.15. மாலையில் கப்பல் ஐந்துக்குப் புறப்படும் என்றால், எல்லோரும் 4.30க்குள் ஏறியாக வேண்டும் என்பதே பெரும்பாலும் விதி. வாகன நெரிசலுக்கும் வரிசைக்கும் இடம் விட்டுப் பார்த்தால் 3.15க்கே கடற்கரையை விட்டுக் கிளம்புவதுதான் புத்தி. ஆக, ஒன்பது மணித்தியாலத்தில் கைக்கு வருவது ஆறு.

இந்தக் கழிவைக் கழித்த பின்னரே இரண்டு பயணங்களின் விலையை ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, ஏழு இரவுப் பயணம் ஒன்று ஆளுக்கு 700 டொலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் நான்கு துறைமுகங்கள். இரண்டு வெறும் நகரங்கள். மற்ற இரண்டில் மணலில் கிடைப்பது மொத்தம் பத்தரை மணித்தியாலம். இன்னொரு பயணம் 900 டொலர். அதில் நான்கு கடற்கரைத் துறைமுகங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு மணித்தியாலம், மொத்தம் 24. முதலாவதில் ஒரு மணித்தியாலக் கடற்கரை ஏறத்தாழ 67 டொலருக்கு விழுகிறது. இரண்டாவதில் 37 டொலர் 50 சதத்துக்குக் கிடைக்கிறது. விலை குறைந்தது எது, மலிவானது எது என்ற வித்தியாசத்தை வியாபாரிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

கரையில் கட்டுமா, கடலில் நிற்குமா?

அட்டவணையில் அடுத்துப் பார்க்க வேண்டியது இது. சில இடங்களில் கப்பல் துறைமேடையோடு கட்டப்படும். படியால் இறங்கி நடந்து போகலாம். வேறு சில இடங்களில் ஆழம் போதாமல் அல்லது மேடை இல்லாமல் கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, சிறிய படகுகளில் கரைக்குக் கொண்டு போவார்கள். ஆயிரக்கணக்கானோர் இப்படி இறங்க வேண்டியிருப்பதால் போகும்போதும் வரும்போதும் வரிசை. முன்னர் சொன்ன ஆறு மணித்தியாலம் இங்கே நாலரையாகச் சுருங்கிவிடும். கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் போகிறவர்களுக்குப் படகில் ஏறி இறங்குவதே ஒரு வேலை. காற்று பலமாக வீசினால் படகே விடமாட்டார்கள். அன்றைய கடற்கரை அத்தோடு போய்விடும்.

கரிபியனில் கிராண்ட் கேமன் தீவு இதற்கு நல்ல உதாரணம். அங்குள்ள 'செவன் மைல் பீச்' உலகப் புகழ் பெற்றது. ஆனால் பெரிய கப்பல்கள் கட்டுவதற்கு மேடை கிடையாது. 2025 ஏப்ரலில் நடந்த பொது வாக்கெடுப்பில், மேடை அமைக்கும் யோசனையை அத்தீவு மக்கள் நிராகரித்துவிட்டார்கள். பெலீஸ் நகரில் கடல் ஆழமில்லாததால் கப்பல் வெகு தூரத்தில் நிற்கிறது. நகரில் நல்ல கடற்கரையும் இல்லை. அதற்கு வேறு சிறு தீவுகளுக்குப் போகவேண்டும். இதற்கு நேர்மாறானது கிராண்ட் டர்க். 2006இல் திறக்கப்பட்ட மேடையிலிருந்து இறங்கியதும் பக்கத்திலேயே மணல். வாகனக் கூலியும் மிச்சம், நேரமும் மிச்சம்.

துறைமுகத்தின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

எமக்குப் பக்கத்திலுள்ள சிங்கப்பூர்ப் பயணங்களையே எடுத்துக்கொள்வோம். மூன்று இரவுப் பயணங்களில் பெரும்பாலும் ஒரு துறைமுகம், நான்கு ஐந்து இரவு என்றால் இரண்டு அல்லது மூன்று. போர்ட் கிளாங் என்று இருந்தால் அது கோலாலம்பூருக்குப் போகும் வாசல். நகரைச் சுற்றிப் பார்க்கவும் கடைத்தெருவில் ஏறி இறங்கவும் நல்லது, கடற்கரைக்கு அதில் வேலையில்லை. பினாங்கில் கப்பல் ஜோர்ஜ் டவுன் நகரின் நடுவிலேயே கட்டப்படுகிறது. பத்து பெரிங்கி கடற்கரைக்கு அங்கிருந்து வாகனத்தில் போகவேண்டும். லங்காவித் தீவில் கப்பல் மேடைக்கும் செனாங் கடற்கரைக்கும் தூரம் குறைவு. தாய்லாந்தின் புக்கெட்டில், கடல் அமைதியாக உள்ள காலத்தில் கப்பல்கள் பட்டோங் கடற்கரைக்கு எதிரிலேயே நங்கூரமிட்டுப் படகில் இறக்குவதுண்டு. சில கப்பல்கள் தீவின் தென்கிழக்கிலுள்ள ஆழ்கடல் துறைமுகத்தில் கட்டப்படும். அங்கிருந்து பட்டோங்குக்குத் தீவைக் குறுக்கே கடந்து வரவேண்டும். எனவே 'புக்கெட்' என்ற ஒரு சொல்லோடு திருப்திப்படாமல், புக்கெட்டில் எங்கே என்று கேட்க வேண்டும்.

கரிபியன் பயணங்களை மேற்கு, கிழக்கு, தெற்கு என்று மூன்றாகப் பிரித்து விற்கிறார்கள். மேற்கில் மெக்ஸிக்கோவின் கொசுமெல், ஹொண்டூராஸின் ரொவாட்டன், கிராண்ட் கேமன் முதலியன. கிழக்கில் சென் தோமஸ், சென் மார்ட்டின் போன்றவை. சென் மார்ட்டினில் பிலிப்ஸ்பர்க் நகரின் கடைவீதியும் கடற்கரையும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. துறைமேடையிலிருந்து நடந்தே போகலாம். தெற்கில் அரூபா, குராசோ, பார்படோஸ் முதலியன. வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கடற்கரை உண்டென்று பெருமை பேசும் அன்டிகுவாவும் இத்தகைய பயணங்களில் வரும். ஆனால் தீவு என்றாலே கடற்கரை என்று எண்ணிவிடக் கூடாது. டொமினிக்கா மலையும் ஆறும் காடும் நிறைந்தது. அதன் அழகு வேறு. வெண்மணலைத் தேடிப் போகிறவருக்கு அது உகந்ததல்ல.

மியாமியிலிருந்து தெற்குத் தீவுகள் வெகு தூரம். போக இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள் கடலிலேயே கழியும். அதே தீவுகளைப் புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலிருந்து தொடங்கும் கப்பலில் பார்த்தால், ஏழு இரவில் ஐந்து தீவுகள் வரை கிடைக்கும். விமானச் செலவு கூடினாலும் கடற்கரை மணித்தியாலம் இரட்டிப்பாகலாம்.

புளோரிடாவிலிருந்து புறப்படும் குறுகிய பயணங்களில் பஹாமாஸ் திரும்பத் திரும்ப வருவதற்கு அது அருகில் இருப்பது மட்டும் காரணமல்ல. 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்றின்படி, வெளிநாட்டில் பதிவு செய்த கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்ல முடியாது. இடையே வெளிநாட்டுத் துறைமுகமொன்றைத் தொட வேண்டும். பெரிய உல்லாசக் கப்பல்களில் அநேகமானவை பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளிலேயே பதிவானவை. ஆகவே அட்டவணையில் வரும் ஒரு துறைமுகம் உங்கள் உல்லாசத்துக்காகவா, சட்டத் தேவைக்காகவா என்பதை அங்கு நிற்கும் நேரத்தைப் பார்த்து ஊகிக்கலாம். பிற்பகலில் வந்து இரவில் புறப்படும் நிறுத்தத்தில் கடற்கரைக் குளியலுக்கு நேரமேது?

கடலுக்கும் ஒரு காலம் உண்டு

இதை எமது நாட்டவருக்கு விளக்குவது எளிது. மே முதல் செப்டெம்பர் வரை பெந்தோட்டை, ஹிக்கடுவையில் கடல் கொந்தளிக்கும். அதே காலத்தில் நிலாவெளியும் பாசிக்குடாவும் குளம் போலக் கிடக்கும். புக்கெட், லங்காவிப் பக்கமும் எமது மேற்குக் கரையைப் போன்றதே. நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் பருவக்காற்றால் அலை பெரிது. பட்டோங்கில் சிவப்புக் கொடி பறக்கும் நாட்களில் கடலில் இறங்கக் கூடாது. ஓகஸ்ட் விடுமுறைக்கு மலிவு விலையில் புக்கெட் பயணம் கிடைக்கிறதென்றால் அந்த மலிவுக்குக் காரணம் இதுதான். தாய்லாந்தின் கிழக்குப் பக்கமுள்ள கோ சமுய் தீவில் மழை அதிகம் கொட்டுவது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை.

நோன்புப் பெருநாள் வியாபாரம் முடிந்த பின்னர்தான் நம்மவரில் பலருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. பெருநாள் வருடந்தோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து வருவது தெரிந்ததே. 2025இல் அது மார்ச் இறுதியில் வந்தது. வரும் வருடங்களில் இன்னும் முன்னதாக வரும். இது புக்கெட் கடல் அமைதியாக உள்ள காலத்தோடு நன்கு பொருந்துகிறது.

கரிபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை அபாயம் அதிகம். கப்பல் புயலைச் சுற்றிக்கொண்டு வேறு வழியே போய்விடும் என்பதால் உயிருக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் பணம் கட்டிய தீவு கிடைக்காமல் வேறொன்று கிடைக்கும். அரூபாவும் குராசோவும் புயல்களின் வழக்கமான பாதைக்குத் தெற்கே இருப்பதால் அக்காலத்திலும் ஓரளவு நம்பலாம். ஜனவரி, பெப்ரவரியில் பஹாமாஸ் கடல் நீர் 23, 24 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்துவிடும். 28 பாகையில் குளித்துப் பழகிய எமக்கு அது நடுங்க வைக்கும் குளிர்.

2011 முதல் இன்னொரு தொல்லையும் சேர்ந்துள்ளது. சர்காசம் எனும் பழுப்புநிறக் கடற்பாசி பெருந்திரளாக மிதந்து வந்து கரிபியன் கரைகளில் ஒதுங்குகிறது. அழுகினால் நாற்றம் தாங்காது. வசந்தகாலத்திலும் கோடையிலும், கிழக்கை நோக்கிய கரைகளிலேயே இது அதிகம். கொசுமெல் தீவில் கப்பல்கள் கட்டும் மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

கம்பனிகளின் சொந்தத் தீவுகள்

கடற்கரைதான் நோக்கம் என்றால் இவற்றைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். நோர்வீஜியன் கம்பனி 1977இல் பஹாமாஸின் கிரேட் ஸ்டிரப் கே என்ற தீவை வாங்கியது. டிஸ்னி 1998இல் காஸ்ட்அவே கே தீவைத் திறந்தது. ரோயல் கரிபியன் கம்பனி கோகோ கே தீவில் 25 கோடி டொலர் செலவிட்டு 2019இல் புதுப்பொலிவு கொடுத்தது. கிராண்ட் பஹாமா தீவில் கார்னிவல் கம்பனி ஏறத்தாழ 60 கோடி டொலர் செலவில் 'செலிப்ரேஷன் கீ' என்ற இடத்தை 2025 ஜூலையில் திறந்தது.

பயணிக்கு இதனால் வசதி பல. கோகோ கே போன்று மேடையுள்ள தீவில் இறங்கினால் நடை தூரத்தில் மணல். வாகனக்காரரோடு பேரம் பேச வேண்டியதில்லை. பகலுணவு பொதுவாகக் கட்டணத்திலேயே அடக்கம். நீச்சல் பாதுகாவலர் இருப்பார். ஆனால் நீர்ச்சறுக்குப் பூங்கா, தனிக் குடில் முதலியவற்றுக்குத் தனிக் கட்டணம். அவற்றின் விலையை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஒரே நாளில் எத்தனை கப்பல்கள் வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் சேவைக்கு வந்த 'ஐக்கன் ஒப் த சீஸ்' ஒன்றே அதிகபட்சம் 7,600 பயணிகளை ஏற்றக்கூடியது. அத்தகைய கப்பலோடு இன்னொன்றும் சேர்ந்தால், படத்தில் கண்ட தனிமை எங்கே இருக்கப் போகிறது?

விலைக்கு மேல் வரும் விலை

விளம்பரத் தொகை ஒரு அறையில் இருவர் தங்கினால் ஆளுக்கு எவ்வளவு என்பதே. அதன்மேல் துறைமுக வரிகள் வரும். பெரிய அமெரிக்கக் கம்பனிகளில் ஊழியர் சன்மானமாக ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டொலர் வரை சேரும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஏழு நாளில் இது மட்டும் 420 டொலரிலிருந்து 560 டொலர். இணைய வசதி, கரைச் சுற்றுலா எல்லாம் தனி. பகல் முழுவதும் கடற்கரையில் இருக்கப் போகிறவர் பல்கனி அறைக்குப் பணம் கொட்டத் தேவையில்லை. உள்ளறையை எடுத்துக்கொண்டு, மிஞ்சும் பணத்தை நல்ல அட்டவணைக்குக் கொடுக்கலாம்.

துறைமுகமொன்றைத் தவிர்க்கவும் மாற்றவும் கம்பனிக்கு உரிமையுண்டு என்று பயண ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். அப்படித் தவிர்த்தால் பெரும்பாலும் அந்தத் துறைமுகத்தின் வரி மட்டுமே திரும்பி வரும். ஆகவே ஒரே ஒரு கடற்கரையை நம்பிப் போகும் பயணம் ஒரே வாடிக்கையாளரை நம்பி நடத்தும் கடை போன்றது. மூன்று நான்கு இருந்தால் ஒன்று போனாலும் சமாளிக்கலாம்.

கப்பல் தன் மூலம் பதிவு செய்த சுற்றுலாவில் போனவர்களுக்காகவே காத்து நிற்கும். தனியாக வாகனம் பிடித்துப் போனவர் பிந்தினால் விட்டுவிட்டுப் போய்விடும். நேரத்தைக் கப்பலின் மணிப்படி பாருங்கள். தீவின் மணி வேறாக இருக்கலாம். கப்பல் ஏறும் ஊருக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்வது உத்தமம். விசா விடயம் இன்னும் முக்கியம். அட்டவணையிலுள்ள ஒரு நாட்டுக்கு உரிய அனுமதி இல்லாவிட்டாலும் கப்பலில் ஏறவே விடாமல் தடுக்கலாம். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து போய்த் திரும்பி அதே நாட்டுக்குள் மீண்டும் நுழைய வேண்டியிருப்பதால், பல தடவை நுழைய அனுமதிக்கும் விசாவே பாதுகாப்பானது. ஹலால் உணவு பற்றிய உறுதியை வாய்ப்பேச்சில் விடாமல், பணம் கட்டும் முன்னரே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் பக்கத்துப் பாடம்

இதே கணக்கை மறுபக்கத்திலிருந்தும் பார்க்கலாம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டேலியா கம்பனியின் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு வரத் தொடங்கியது. இத்தகைய கப்பலில் வரும் பயணியிடம் இருப்பது ஐந்தாறு மணித்தியாலம். அதில் ஒரு பகுதி வாகனத்தில் போய்விடும். மேடையிலிருந்து இருபது நிமிடத்துக்குள் இருக்கும் கடை, உணவகம், முச்சக்கர வண்டிக்காரர் ஆகியோருக்கே வாய்ப்பு. விலையை எழுதி வைத்து, கடனட்டையை ஏற்று, "இத்தனை மணிக்குள் திரும்பக் கொண்டு வந்து விடுவோம்" என்று உறுதி கொடுப்பவரையே பயணி நம்புவார். நேரம் தவறினால் தன்னை விட்டுக் கப்பல் போய்விடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

பஹாமாஸின் நிலைமையும் கவனிக்கத்தக்கது. கம்பனியின் தீவில் பயணி கழிக்கும் ஒவ்வொரு பகலும் நஸோ நகரக் கடைவீதிக்கு வராத பகல். உணவும் குடையும் நினைவுப்பொருளும் அங்கே கம்பனியின் ஏற்பாட்டிலேயே விற்பனையாகின்றன. மேடையையும் மணலையும் ஒருவரே வைத்திருந்தால் வாடிக்கையாளரும் அவருடையவராகி விடுகிறார். எமது கரையோரங்களில் துறைமுக அபிவிருத்தி பற்றிய பேச்சு வரும்போது, மேடைக்கு அருகில் உள்ளூர் வியாபாரிக்கு எத்தனை கடை என்று வர்த்தக சங்கங்கள் முதலிலேயே கேட்க வேண்டும்.

இறுதியாக, தினமும் காலை முதல் மாலை வரை ஒரே மணலில் சாய்ந்து கிடப்பதே உங்கள் விருப்பம் என்றால் கப்பல் உங்களுக்கு ஏற்றதல்ல. அதே பணத்துக்குப் பாசிக்குடாவிலோ லங்காவியிலோ ஒரு ஹோட்டல் அறையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் நான்கு விதமான கடற்கரையைப் பார்க்க வேண்டும், பெட்டியை ஒரு முறைதான் அவிழ்க்க வேண்டும் என்போருக்கே கப்பல் இலாபம். அவர்கள் முற்பணம் கட்டும் முன் முகவரிடம் கேட்க வேண்டியவை இவை: ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பல் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது? மேடையில் கட்டுமா, படகா? நல்ல கடற்கரைக்கு எவ்வளவு தூரம், கூலி எவ்வளவு? அந்த மாதத்தில் கடல் எப்படி? அன்று வேறு எத்தனை கப்பல்கள் வருகின்றன? வரியும் சன்மானமும் சேர்த்து முழுத்தொகை என்ன? இவற்றுக்கு எழுத்தில் பதில் தரும் முகவரிடம் பணத்தைக் கொடுங்கள்.